அருவி பேனர் ஸ்டாப்

போன மாதம் தினேஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றதும் பாலிடெக்னிக்கில் என் இடத்துக்கு வந்தவன். கெட்டிக்காரப் பையன், கொஞ்சம் அவசரக்காரன். மாணவர்களை வருஷா வருஷம் வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு இப்போது அவனிடம் இருக்கிறது.

"மேடம், ஒரு டவுட்டு. இன்டர்வியூல கடைசியா 'உங்க ஊர்ல காப்பு எப்போ கட்றாங்க'ன்னு கேக்கணும்னு சொல்லிட்டுப் போனீங்களே, அது எதுக்கு மேடம்? பசங்க சிரிக்கறாங்க. இப்பல்லாம் ஏஜென்சிக்காரனே எல்லாத்தையும் பாத்துக்கறான். அந்தக் கேள்விய தூக்கிடலாமா?"

"தூக்கித்தான் பாரேன்" என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தினேஷ், இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

நான் லேத் சொல்லிக்கொடுத்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய காலத்தில், பென்னலூர் தாண்டி வயலுக்கு நடுவே ஆரம்பித்த பாலிடெக்னிக்கில் பட்டறை இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தேன். சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு, கொண்டைக்கு வலை. அந்தக் கோலத்தில் நான் மெஷினுக்கு முன்னால் நின்றபோது முதல் பேட்ச் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரம் எல்லோரையும் அரம் பிடித்து இரும்பைத் தேய்க்கவிட்டேன். அதோடு சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு போன வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரும்புத்தூள், எண்ணெய், பசங்க, பரீட்சை, அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பயணம் எங்கள் பிரின்சிபல் ஞானசேகரன் சாரின் யோசனை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை பேச மாட்டார். செய்துவைத்த பொருளைக் கையில் எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். கேன்டீன் பையன் பின்னாலேயே இரண்டு டீ கொண்டுவந்தால் சார் நம் அபிப்பிராயம் கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். எதிர்த்துப் பேசலாம், சண்டைகூடப் போடலாம். டீ வரவில்லை என்றால் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

பயணத்தைப் பற்றிப் பேச வந்தபோது இரண்டு டீ வந்தது. "நம்ம பசங்க கம்பெனி கேட்டுக்குள்ள போறதத் தவிர வேற உலகமே பாக்கல சரோஜா மேடம். ஒரு ஊருக்குப் போவோம். சும்மா சுத்திப் பாத்துட்டு வரக் கூடாது. அவங்களுக்கு ஒரு வேலை செஞ்சு குடுப்போம், அவங்ககூட இருப்போம், மலையப் பாப்போம்" என்றார். பக்கத்துக் கம்பெனி ஒன்று செலவை ஏற்றுக்கொண்டது. வியட்நாமில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடம் சம்மதித்தது. காலையில் வேலை, மாலையில் ஊர்க்காரர்களோடு சமையல், பாட்டு, தறி. கடைசி இரண்டு நாள் காட்டுக்குள் நடை. அப்பா நிலத்தை விற்ற பிறகு சேற்றில் கால் வைத்தே இராத பிள்ளைகள், விசா வாங்கிக்கொண்டு போய் அங்கே நாற்று நட்டார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரு பையனின் அப்பா போனிலேயே திட்டினார், "நாத்த இம்மாம் நெருக்கமாவாடா நடுவாங்க?" என்று.

முதல் வருஷம் அந்த ஊர் வாசலுக்குப் போனபோது, மூங்கில் கம்பத்தில் பச்சை இலைக்கொத்து ஒன்று கட்டித் தொங்கியது. உள்ளே ஏதோ பூஜை. இலை தொங்கும்வரை வெளியார் உள்ளே வரக் கூடாதாம். சாமான்களோடு அடிவாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். ஞானசேகரன் சார் பசங்களிடம், "பாத்துக்கங்கப்பா, இதான் அவங்க பண்பாடு. மதிக்கக் கத்துக்கங்க" என்றார். பசங்களும் அந்த இலையைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன்.

வேலை விஷயத்தில் எனக்கு ஒரு முறை உண்டு. அங்கே செய்யப்போவதை முதலில் இங்கே பட்டறை முற்றத்தில் செய்து பார்த்துவிட வேண்டும். அந்தப் பள்ளிக்கு மலை ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வரும், கூடவே மண்ணும் சருகும் வரும். மூன்றாவது வருஷப் பயணத்துக்கு ஒரு வடிகட்டிப் பெட்டி செய்வது என்று முடிவானது. துருப்பிடிக்காத தகட்டில் பலகை பலகையாக வெட்டி, ஓரம் மடித்து, போல்ட் போட்டு முடுக்கினால் பெட்டி. முழுப் பெட்டியை விமானத்தில் ஏற்ற முடியாது. அதனால் இங்கே பூட்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு விட்டு, மறுநாள் ஒவ்வொரு ஓரத்திலும் பழைய செய்தித்தாளை ஒற்றிப் பார்ப்போம். தாள் நனைந்தால் மறுபடி கழற்ற வேண்டும். நனையாத அன்றைக்குத்தான் பலகைகளில் வரிசையாக எண் குத்தி, கழற்றி, ஆளுக்கு ஒன்றாகப் பையில் வைப்போம்.

அந்தப் பெட்டியை நனையாமல் பூட்டத் தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். அவள் சந்தியா, மெக்கானிக்கல் கடைசி வருஷம். வல்லம் வடகாலை ஒட்டி ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அப்பா ஏழுமலை ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அவர்கள் நிலம் இருந்த இடத்திலேயே எழும்பிய கம்பெனி அது. சந்தியா அதிகம் பேச மாட்டாள். போல்ட்டை எந்த வரிசையில் முடுக்க வேண்டும், எங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. பையன்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஓரத்தை அவள் வந்து சரிசெய்துவிட்டு, "அவ்ளோதான் மேடம்" என்று ஒதுங்கி நிற்பாள். இன்டர்வியூவில் ஏன் போக ஆசைப்படுகிறாய் என்று கேட்டேன். "எங்க வூட்ல யாரும் திருப்பதியத் தாண்டி போனதில்ல மேடம். நான் போய்ட்டா அப்பால எல்லாரும் போவாங்க" என்றாள். கடைசி வருஷம் என்பதால் அவளுக்கு அதுதான் ஒரே வாய்ப்பு. பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் தேன்மிட்டாய் கொடுத்தாள்.

அவளைவிட அதிகம் ஆடியது ஏழுமலைதான். ஊர் முனையில், ஷேர் ஆட்டோ திரும்பும் இடத்தில், ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டார். நானும் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்னால் அருவி கொட்டுகிறது, ஒரு பக்கம் நீலக் கடல், அதில் படகு. விமானம் ஒன்று மேலே குறுக்காகப் பறக்கிறது. நடுவில் சந்தியாவின் படத்துக்கு யாரோ கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள். "வெளிநாட்டுச் சுற்றுலா செல்லும் எங்கள் தங்க மகள்" என்று எழுத்து. கீழே மாமா, சித்தப்பா, கபடிக் குழு என்று வரிசையாக முகங்கள்.

"அப்பா மானத்த வாங்கிட்டாரு மேடம்" என்று சந்தியா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் அதை அவளே போனில் படம் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழா பல வருஷமாக நடக்கவில்லை. பங்காளிகளுக்குள் முதல் மரியாதை யாருக்கு என்று தகராறு. அந்த வைகாசியில் திடீரென்று சமாதானம் ஆனார்கள். இந்தத் தடவை முதல் காப்பு ஏழுமலை கையில், அடுத்த தடவை எதிர்த்தரப்புக்கு என்று பேசி, நாளும் குறித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்பு. எங்கள் விமானம் வியாழக்கிழமை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டி, ஊர் எல்லையில் வேப்பிலை கட்டிவிட்டால், பத்தாம் நாள் தீமிதி முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டினால் ஊருக்குள் இருக்க வேண்டும்.

சந்தியா பட்டறையில் வந்து இதைச் சொன்னபோது அவள் கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. தர்மகர்த்தா கன்னியப்பனைப் பார்க்கப் போனேன். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் நடத்துபவர். கோயில் வாசலில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். ஏழுமலை ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

நான் சும்மா போகவில்லை. என் பழைய மாணவர்கள் அந்த ஊரில் உண்டு. இந்தக் காப்பு நாட்களில் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் போனேன்.

"ஐயா, உங்க ஊர்ல பாதிப் பேர் கம்பெனியில நைட் ஷிப்ட் பாக்கறாங்க. ராத்திரி முழுக்க வெளியிலதானே இருக்காங்க? அவங்களுக்கு என்ன பண்றீங்க?"

கன்னியப்பன் சிரித்தார். "அதுக்கு அம்மா கிட்ட உத்தரவு வாங்கியாச்சு மேடம். பொழப்புக்குப் போறவனுக்குக் குத்தம் கெடையாது. ஏன், என் பையனே நைட் ஷிப்ட்டுதான்."

"அப்ப சந்தியாவும் வேலைக்குத்தானே போறா? ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணிப் பெட்டி பூட்டப் போறா. அவ இல்லாம அது நடக்காது. அதுவும் வேலைதான்."

அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம், ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். எதிர்த்தரப்புப் பெரியவர் ஒருவர் கையை நீட்டி ஊர் முனையைக் காட்டினார். அங்கிருந்தே பேனர் தெரிந்தது.

"தோ பாரு மேடம். அருவி கீது, படகு கீது, கூலிங் கிளாஸ் போட்டுகினு நிக்குது. இது வேலையா? அவங்கப்பன்தான் கட்டி வெச்சிகிறான், கேளு அவன."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவர் எங்கே போய்ப் பேச? ஆசை ஆசையாகத் தன் கைக்காசில் கட்டிய பேனர். பிளெக்ஸ் கடைக்காரன் அருவியை வைத்தான், அவர் சரியென்றார். பெட்டியும் போல்ட்டும் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியதா என்ன? நானும்தான் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

கன்னியப்பன் கெட்டவர் இல்லை. அவரே ஒரு வழி சொன்னார். "காப்பு கட்டறதுக்கு முன்னாடியே எல்லை தாண்டிட்டா, அந்தப் பொண்ணு கணக்குல வராது மேடம். திங்கக்கெழமையே இட்டுகினு போய்டுங்க." சொல்லிவிட்டு ஏழுமலை பக்கம் கண்ணைக் காட்டினார். "ஆனா மொத காப்பு அந்த வூட்டுக்கு. மொத காப்பு கட்டற வூட்ல ஆள் கொறைஞ்சா, நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா பேச்சு வரும். நான் தடுக்கல. அப்பால அவங்க இஷ்டம்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் திரும்பினேன்.

மறுநாள் ஞானசேகரன் சார் பட்டறைக்கு வந்தார். எண் குத்திய பலகை ஒன்றை எடுத்துத் தடவினார். நான் வாசலைப் பார்த்தேன். கேன்டீன் பையன் வரவில்லை.

"பொண்ணு உங்க வீட்டுல வந்து தங்கட்டும். அது சரி. ஆனா அவளா வந்தா வரட்டும், அவளா திரும்பினா திரும்பட்டும். நீங்க இழுக்கக் கூடாது மேடம்."

"அவ வாழ்க்கையில ஒரே சான்ஸு சார் இது!"

"அங்க இலை தொங்கினப்ப ரெண்டு நாள் கீழ உக்காந்தோமே. பசங்களுக்குப் பண்பாடுன்னு பாடம் எடுத்தேனே. இங்க தொங்கினா மட்டும் அது தொந்தரவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பலகையின் அதே விளிம்பை மறுபடியும் தடவினார். அவருக்கும் அது சந்தோஷமான முடிவு இல்லை என்று தெரிந்தது. அங்கே நாங்கள் விருந்தாளிகள், இரண்டு நாள் போனால் போகட்டும் என்று உட்கார முடிந்தது. இங்கே உட்கார வேண்டியவள் ஒரு பெண், அவளுக்குத் திரும்ப வராத நாட்கள். இப்போது இப்படிச் சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஏழுமலையே டி.வி.எஸ். வண்டியில் மகளையும் பையையும் படப்பையில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். காபி குடிக்கவில்லை. விரதம் என்றார். "கூட்டத்துல என்னால பேச முடியல மேடம். அந்தப் பேனர நான் கட்டாம இருந்திருந்தா..." என்றவர் மகள் பக்கம் திரும்பி, "நல்லா போய்ட்டு வாம்மா, அப்பா பாத்துக்கறேன்" என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை சந்தியா வாசலிலேயே நின்றாள்.

அன்று நன்றாகத்தான் இருந்தாள். என்னோடு உட்கார்ந்து பையை எடை போட்டாள், ஊறுகாய் பாட்டில் அதிகம் என்று நான் எடுத்து வைத்தபோது சண்டை போட்டாள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் போன் வந்துகொண்டே இருந்தது. அம்மா, அத்தை, மறுபடி அம்மா. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், என்ன வூட்ல வுட்டுடுங்க."

"என்னடி ஆச்சு?"

"அந்தத் தரப்புக்காரங்க, பொண்ண நைசா வெளிய அனுப்பிட்டு இவன் எப்டி காப்பு கட்டுவான்னு பேசறாங்களாம். அப்பா ஒண்ணும் சொல்லலயாம். சாப்படக் கூட இல்லயாம். மேடம், பத்தாம் நாளு அவரு தீ மெதிக்கறப்ப ஒரு கொப்புளம் வந்தாலும் என்னாலதான்னு சொல்வாங்க. இத்தினி வருசம் கழிச்சு நடக்குது. மறுபடி நின்னு போச்சுன்னா எங்க வூட்டு மேலதான் பழி."

நான் கத்தினேன். முட்டாள் என்றேன், இனிமேல் இப்படி ஒரு நாள் உனக்கு வராது என்றேன். இவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைக் கொண்டுவந்தேனே என்று என் பாட்டையும் பாடினேன். அவள் அழவே இல்லை. "வராதுன்னு தெரியும் மேடம்" என்று மட்டும் சொன்னாள். சாவியை எடுத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பம்பை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். எல்லையில் ஒருவர் ஏணிமேல் நின்று வேப்பிலைத் தோரணத்தின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். நாங்கள் அதற்குக் கீழே நுழைந்தோம். ஏழுமலை மஞ்சள் வேட்டியில், ஈரத் தலையோடு, பூசாரிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"உன்ன யாரு வரச் சொன்னது?" என்று அதட்டினார். "யாரு வரச் சொன்னது, சொல்லு!" அந்தக் கூட்டத்தில் அவர் அழுததைப் பார்த்து, பக்தி என்று நினைத்து இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி கயிற்றைக் கட்டி முடித்தார்.

வியாழக்கிழமை சந்தியாவின் பையில் இருந்த பலகைகளை மற்றவர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். அவள் இடம் காலியாகவே போனது. மலைமேல் பெட்டியைப் பூட்டியபோது மூன்று ஓரம் நனைந்தது. பையன்கள் ஊருக்குப் போன் போட்டு, அவள் சொல்லச் சொல்ல முடுக்கினார்கள். "நாலாவத முதல்ல தளத்து. அவசரப்படாத. இப்ப எதிர்ப்பக்கம்" என்று அவள் குரல் போனில் வந்தது. பின்னால் ஒரே சத்தமாக இருந்தது.

அது பம்பைச் சத்தம் என்று நினைத்தேன். இல்லை. எங்கள் விமானம் கிளம்பிய மூன்றாம் நாள், சனிக்கிழமை, கரகம் முதலில் யார் வீட்டு வாசலில் நிற்பது என்று அதே பங்காளிகளுக்குள் மறுபடியும் கைகலப்பு. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார், கோயிலைப் பூட்டினார்கள். தீமிதி நடக்கவில்லை. கட்டிய காப்பை எல்லோரும் கழற்றிவிட்டார்கள். சந்தியா எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கே வேண்டுமானாலும் தங்கலாம். அவள் தெருவில் நடந்த அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் எங்கள் பையன்களுக்குப் போல்ட் முடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வு பெறும்வரை அதற்கப்புறம் எத்தனையோ பயணங்கள் நடந்தன. ஒவ்வொரு இன்டர்வியூவிலும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நாள் இடித்தால் பயணத்தையே தள்ளி வைக்கச் சொல்லி ஞானசேகரன் சாரோடு மல்லுக்கு நின்றேன். ஒருமுறை அவர் டீ இல்லாமல் வந்தபோதும் விடவில்லை. அந்த முறை காப்பு நாள் இடித்த பையன் போய்விட்டு வந்தான். ஆனால் சந்தியாவுக்கு அது எதற்கு உதவும்? தினேஷ், ஏஜென்சிக்காரனுக்கு விசா தெரியும், டிக்கெட் தெரியும். காப்பு தெரியாது. அந்தக் கேள்வியை எடுக்காதே.

இந்த வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர், "அருவி பேனர் ஸ்டாப் எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். பேனர் எப்போதோ மழையில் கிழிந்து போயிருக்கும். பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஏன் அந்தப் பெயர் என்று ஆட்டோக்காரருக்கே தெரியாது. இறங்கினால் எதிரே சந்தியா. கம்பெனி யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. பொழுது சாய்கிற நேரம். ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்ட முதல் கேள்வி, "என் பொட்டி லீக் ஆவாம கீதா மேடம்?"

"ஒரு சொட்டு கூட இல்ல" என்றேன். போன வருஷம்வரை அதுதான் உண்மை.

அவள் தலைக்கு மேல், ஊர் எல்லையில், பச்சையாக வேப்பிலைத் தோரணம் தொங்கியது. "திருவிழாவா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். இந்த வாட்டி சண்ட கிண்ட இல்ல. நேத்து காப்பு கட்டிட்டாங்க."

"அப்ப நீ இந்நேரத்துக்கு..."

பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.

"எனக்கு நைட் ஷிப்ட்டு மேடம். நான் ராத்திரி வெளிய தங்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."